நாற்காலி போட்ட இடம்

நான் பல் செய்கிறவன். டெலியா மூக்குக்கண்ணாடி செய்கிறவள். இருவரும் சேர்ந்தால் முதுமைக்கு வேண்டிய ஏற்பாடு முக்கால்வாசி முடிந்துவிடும் என்று ஒரு கல்யாண விருந்தில் யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் சொன்ன நகைச்சுவைக்கு ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டால், அதற்கப்புறம் அவன் எடுக்கும் முடிவுகளுக்கு அவனைப் பொறுப்பாக்கக் கூடாது.

கல்யாணம் கான்சஸ் சிட்டியில். என் அக்கா மகன் மாப்பிள்ளை, அவள் சித்தப்பா மகள் பெண். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று பிடித்த ஊர் அது. அதாவது இரண்டு பக்கத்தாரும் சமமாகக் கஷ்டப்படும் ஊர்.

"எந்த ஊர் நீங்க?" என்று கேட்டேன்.

"லாஸ் ஏஞ்சலஸ்."

"ஓ, அது ஊரா? கார் நிறுத்துற இடம்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க?"

"சிகாகோ."

"அங்க இன்னும் ஆளு இருக்காங்களா? குளிர் தாங்காம எல்லாரும் எங்க ஊருக்கு வந்து சேந்துட்டாங்களே!"

இப்படித் தொடங்கியது. மற்றவர்கள் நடனமாடிக்கொண்டிருந்தபோது நாங்கள் எது நிஜமான நகரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கேக் வெட்டியதை இருவருமே பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் சண்டை தொலைபேசியில் நடந்தது. சிகாகோவில் கட்டடம் வானத்தை இடிக்கும், தலைக்குமேல் ரயில் ஓடும், பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நான் இங்கிருந்து ஆசீர்வாதம் செய்வேன், அதுதான் நகரம் என்பது என் கட்சி. "எங்க ஊர்ல உங்க ஊரை விட ஆளு ஜாஸ்தி. விமானம் இறங்க ஆரம்பிச்சா விளக்கு விளக்கு விளக்கு, முடியவே முடியாது. உன் ஊர் நாலு உசரமான கட்டடம், மிச்சமெல்லாம் ஏரி" என்பது அவள் கட்சி. ஏரியைப் பற்றிப் பேசியதும் எனக்குக் கோபம் வரும். அவளுக்கு அது தெரியும். அதனால் தினமும் ஏரியைப் பற்றிப் பேசுவாள்.

சண்டைக்கு அடியில் வேறொன்று இருந்தது. இருவருக்கும் முன்பே ஒருமுறை கல்யாணம் ஆகி, முறிந்து, தனியாக இருந்து பழகியவர்கள். இப்போது சேர்ந்து இருக்கலாமா என்று ஆசை. சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் ஒருவர் மூட்டை கட்டியாக வேண்டும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. 'உன் ஊர் ஒரு நகரமே இல்லை' என்று சொல்வது சுலபமாக இருந்தது.

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். ஒரு வாரம் நான் அங்கே, ஒரு வாரம் அவள் இங்கே. எந்த ஊர் நகரம் இல்லை என்று தீர்ப்பாகிறதோ, அந்த ஊர்க்காரர் மூட்டை கட்ட வேண்டும்.

"நீதிபதி யாரு?" என்றாள்.

"நாமதான்."

"அப்ப தீர்ப்பு வந்தாப்லதான்."

அக்டோபரில் நான் போனேன். அவள் வீடு வேன் நைஸ் பக்கம். போன மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பிய பிறகு, காப்பிக்குப் பால் இல்லை என்று கண்டேன். சிகாகோவில் பால் வாங்குவது என்றால், அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு, அது காய்வதற்குள் போய்த் திரும்புகிற காரியம். நடந்தேன். நடைபாதை கொஞ்ச தூரம் வந்தது. பிறகு அதற்கும் சலித்துவிட்டது போலும், நின்றுவிட்டது. சாலையோ எங்கள் ஊர் ஆற்றை விட அகலம். பக்கத்தில் ஒரு பழைய சரக்கு வண்டி வந்து மெதுவானது. ஓட்டியவர் தலையை நீட்டினார்.

"என்ன சார், வண்டி நின்னுபோச்சா?"

"இல்லைங்க. பால் வாங்கப் போறேன்."

"நடந்தா?"

"நடந்துதான்."

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏறுங்க சார், ஏறுங்க. வெயில் வேற" என்று கதவைத் திறந்தார். கடைக்குக் கொண்டுபோய், நான் பால் வாங்கும்வரை காத்திருந்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். மாலை டெலியாவிடம் இதை ஆதாரமாகச் சமர்ப்பித்தேன். "பாத்தியா? ரெண்டு கால் இருக்கிறவனைப் பாத்தா உங்க ஊர்ல பரிதாபப்படுறாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஒரு டோனட் கடைக்குக் கூட்டிப்போனாள். கம்போடியாக்காரம்மா நடத்தும் கடை. ஒரு பக்கம் சலவைக்கடை, மறுபக்கம் எல் சல்வடோர் நாட்டு ரொட்டி சுடும் கடை, அதற்கடுத்த கடையில் ஒரு தேவாலயம், அங்கே கொரிய மொழியில் பாட்டு. கடைக்காரம்மா டெலியாவைப் பார்த்ததும் கேட்காமலே எள் தூவிய ஒன்றை எடுத்து வைத்தாள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. வெளியில் சொல்லுவேனா?

"இது நகரம் இல்லியா?" என்றாள் டெலியா.

"வாசல்ல கார் நிக்குது பாரு. வாசல்ல கார் நிக்கிற எதுவும் நகரக் கணக்குல வராது."

"யாரு போட்ட சட்டம் அது?"

"நான்தான். இப்பதான் போட்டேன்."

அவள் வீட்டில் ஒரு பச்சை சோபா இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கல. தெருவுல இருந்துச்சு."

"தெருவுலயா?"

"வேணாம்னா நடைபாதையில வச்சிருவாங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்குவாங்க. அந்த விளக்கு, இந்த அலமாரி, உன் தலைமாட்டுல இருக்கே, அந்தக் கண்ணாடி, எல்லாம் அப்படி வந்ததுதான்." பெருமையோடு சொன்னாள். "எங்க ஊர்ல யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க ஸ்டான். அதான் நகரம்."

கடைசி நாள் சாயங்காலம் மலைமேல் கூட்டிப்போனாள். கீழே விளக்குகள். அவள் சொன்னது பொய்யில்லை, முடியவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அழகாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா இவ்வளவு வெளிச்சத்துல மனுஷங்க எங்க இருக்காங்கன்னே தெரியலையே!"

அவள் கீழே ஒரு மூலையைக் கையால் காட்டினாள். "அதோ, அங்க. நான் இருக்கேன்."

திரும்பி வந்த விமானத்தில் முழு வழியும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் ஜனவரியில் வந்தாள். ஜூன் மாதம் வா, ஏரி நீலமாக இருக்கும், மனிதர்கள் சிரிப்பார்கள் என்று கெஞ்சினேன். "உன் ஊரோட மோசமான முகத்தைக் காட்டு. அதைத்தான் கட்டிக்கணும்" என்றாள். விமான நிலையத்திலேயே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டாள். இங்கே கார் தேவையில்லை என்பதுதானே என் மொத்த வாதமும் என்று சொல்லிப் பார்த்தேன். "கார் இல்லாம வெளிய போனா எனக்குச் சட்டை போடாம போற மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்கு சிகாகோவின் அவண்டேல் பகுதியில் ஒரு மாடி வீடு. அவள் கையுறையைக் கழற்றியபடி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை மேசையில் நின்றது.

"ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு."

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு முந்தின வருஷப் பனியில போயிடுச்சு."

"பனியில எப்படிப்பா நாற்காலி போகும்?"

"அது பெரிய கதை. சூப் ஆறுது, வா."

அந்தப் பெரிய கதையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டேன். எனக்கு அது சாதாரணம். அவள் மட்டும் இரண்டு மூன்று தடவை என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்கு இங்கே உட்கார இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும் என்பது, என் மண்டைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் எட்டியது.

முதல் இரண்டு நாள் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். மேம்பால ரயிலில் ஏற்றி, ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, கட்டடங்களைக் காட்டினேன். ரொட்டிக்கடை, கறிக்கடை, மருந்துக்கடை, மதுக்கடை எல்லாவற்றுக்கும் நடத்தியே கூட்டிப்போனேன். அவள் மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, "சரி, ஒத்துக்கறேன். இது நகரம்தான். மனுஷன் இருக்கிற நகரமான்னுதான் தெரியல" என்றாள். நான் பாதி வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் பனி கொட்டியது. நாள் முழுக்கக் கொட்டி, மறுநாள் விடிந்தபோது தெருவில் கார்கள் இல்லை, வெள்ளை மேடுகள்தான் இருந்தன. டெலியாவின் வாடகைக் கார் தப்பித்தது. முந்தின மாலையே அவள் அதை மளிகைக்கடையின் மூடிய கொட்டகையில் விட்டிருந்தாள். நான் பேருந்து பிடித்து வேலைக்குப் போனேன். பேருந்து ஓடியது. அதையும் அவளிடம் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் போனேன்.

இங்கே ஒரு விஷயம். பனி கொட்டினால் எங்கள் தெருக்காரர்கள் அவரவர் காரைத் தோண்டி எடுப்பார்கள். இடுப்பு ஒடியும். தோண்டிய இடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனால், வேறொருவன் வந்து வண்டியை நிறுத்திவிடுவான். அதனால் இடத்தில் துண்டு போட்டுவிட்டுப் போவார்கள். துண்டு என்றால் துண்டில்லை: நாற்காலி, இஸ்திரி மேசை, தண்ணீர் வாளி, ஒரு வீட்டில் தலையில்லாத துணிக்கடை பொம்மை. எவ்வளவு ஓட்டையோ அவ்வளவு நல்லது. அந்தப் பொருள் நிற்கிறவரை அந்த இடம் அவர்களுடையது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதை மீறுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள். என் இரண்டாவது நாற்காலி இந்தச் சேவையில்தான் உயிரை விட்டது. அதற்குக் கொஞ்ச நாளில் என் காரும் துருப்பிடித்துச் செத்தது.

மாலை வேலை முடிந்து படியேறி வந்தேன். சமையலறையில் மிளகாய் வாசனை. மேசைக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி. அந்தப் பக்கம் மஞ்சள் ரெக்சின் தைத்த இன்னொரு நாற்காலி. டெலியா அதன் பக்கத்தில், பரிசு வாங்கிக் கொடுத்தவள் நிற்பது போல நின்றாள்.

"எப்படி இருக்கு?"

அந்த மஞ்சள் நாற்காலியை எனக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"டெலியா, இது எங்க கிடைச்சுது?"

"கீழதான். கொட்டகையில காரை எடுக்கச் சொல்லிட்டாங்க. தெருவெல்லாம் சுத்துனேன், நிறுத்த இடமே இல்ல. நல்லவேளை, நேர் எதிர்ல யாரோ சுத்தமா ஒரு இடம் பண்ணி வச்சிருந்தாங்க. நடுவுல இது நின்னுச்சு, பாவம். யாரோ வேணாம்னு வச்சுட்டுப் போயிருக்காங்க. காரை நிறுத்திட்டு இதைத் தூக்கிட்டு வந்துட்டேன். கால் ஒண்ணு ஆடுச்சு. என் மூக்குக்கண்ணாடித் திருப்புளியால முடுக்கிட்டேன். உக்காந்து பாரு."

"உக்கார மாட்டேன். இது போக்டனோடது."

"யாரு போக்டன்?"

ஜன்னலுக்குப் போனேன். போக்டன் வந்துவிட்டிருந்தார். கோடையில் கூரை வேலை, குளிர்காலத்தில் தோள்வலி, இரண்டுக்கும் பொருத்தமான உருவம். தன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, வாடகைக் காரின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்தவில்லை. எதிர்வீட்டுத் திரை விலகியது. பக்கத்து வீட்டுத் திரை விலகியது. தெரு முழுக்கத் திரைகள் ஒவ்வொன்றாக விலகின.

நான் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். டெலியாவின் முகம் அந்த நாற்காலியின் நிறத்துக்கு வந்தது. பிறகு அவள் என் அனுமதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நாற்காலியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன், காப்பாற்ற. யாரை யாரிடமிருந்து என்று தெரியவில்லை.

"சார், நான்தான் எடுத்தேன். மன்னிச்சிருங்க" என்றாள். "எங்க ஊர்ல தெருவுல வச்சா எடுத்துக்கன்னு அர்த்தம்."

போக்டன் அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "எங்க ஊர்ல தெருவுல வச்சா, தொட்டா செத்தன்னு அர்த்தம்."

"இப்பத் தெரிஞ்சுது சார்."

"எந்த ஊரு?"

"லாஸ் ஏஞ்சலஸ்."

"ஹூம்." அது ஒரு முழுத் தீர்ப்பு. என்னிடம் திரும்பினார். "யோவ் ஸ்டான், உன் விருந்தாளியா? சொல்லிக் கூட்டிட்டு வர மாட்டியா? கைக்குழந்தையை ரோட்டுல விட்ட மாதிரி விட்டிருக்கே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சூப் ஆறிடும்னு..."

"சூப்பாம்!" என்றது எதிர்வீட்டு ஜன்னல்.

டெலியா காரை எடுத்தாள். எடுத்து நடுத்தெருவில் நிறுத்தினாள். போக்டனிடம் போய், "பனி அள்ளுற உங்க சவலைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கு ஒரு இடம் வேணும். நானே தோண்டிக்கறேன்."

வாழ்நாளில் பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்துக் குத்தினாள். சவல் உள்ளே போனது, வெளியே வரவில்லை. தெரு இதைப் பொறுக்குமா? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசனைகள் வந்தன.

"முழங்காலை மடக்கும்மா, முதுகை இல்ல!"

"தெருப்பக்கம் போடாதே, அங்க என் கார் இருக்கு!"

"ஏய் ஸ்டான்லி, அவங்க தோண்டுறாங்க, நீ என்ன, மேற்பார்வையா?"

யோசனை சொல்ல வந்தவர்கள் கையில் சவலும் வந்தது. நான் தோண்டினேன். பல் செய்கிற கை, பனிக்கு லாயக்கில்லை. என் ஆயுதம் ஒரு தேக்கரண்டி அளவுதான் அள்ளியது என்று பிறகு பலரும் சொன்னார்கள். போக்டன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளைத் தடவிவிட்டு, மற்றக் கையால் பெரிய கட்டிகளை உருட்டித் தள்ளினார்.

"உங்க பேரென்ன?" என்று கேட்டார்.

"டெலியா."

"டெலியா, சவலை ஒழுங்கா பிடி!" என்று உடனே எதிர்ஜன்னல் கத்தியது. அதற்கப்புறம் தெருவே அவளைப் பேர் சொல்லித் திட்டியது.

ராச்சாப்பாட்டு நேரத்துக்குள் வாடகைக் கார் அதற்கென்று தோண்டிய குழிக்குள் போய் உட்கார்ந்தது. போக்டன் தன் இடத்துக்குப் போனார். அங்கே தன் நாற்காலியைத் தூக்கி ஓரம் வைக்கப் போனவர், நின்று, அதைத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஆடலையே!"

"முடுக்கிட்டேன் சார்" என்றாள் டெலியா. "தொடச்சும் வச்சிருக்கேன்."

போக்டன் அவளைக் கவலையோடு பார்த்தார். "ஏம்மா, ஆடுனாத்தானே எவனும் எடுக்க மாட்டான்? இப்படிப் பளபளன்னு பண்ணி வச்சா நாளைக்கே திருட்டுப் போயிடாதா?"

மேலே வந்து கையைச் சுடுதண்ணீரில் நனைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அதாவது அவள் நாற்காலியில், நான் கவிழ்த்துப் போட்ட வாளியில். அவள் விரலெல்லாம் சிவந்திருந்தது.

"தீர்ப்பு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

"இது நகரமே இல்ல, ஸ்டான். ஒரு தெருவே சேந்து ஒருத்தி நாற்காலி எடுத்ததுக்குப் பஞ்சாயத்து பண்ணுது. ஒருத்தர் கண்ணுக்கும் மறைவா ஒண்ணும் பண்ண முடியாது. இது ரயில் விட்ட கிராமம்."

எத்தனை கட்டடத்தைக் காட்டினேன்! ஒரு ஓட்டை நாற்காலி எல்லாவற்றையும் சாய்த்துவிட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இந்தத் தெருவை விட்டு, காரில்லாமல் பால்கூட வாங்க முடியாத ஊருக்குப் போவதை நினைத்தேன். இவள் இல்லாமல் இந்தத் தெருவில் நின்றுகொண்டே சாப்பிடுவதையும் நினைத்தேன். இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது. அது எனக்கே புதுச் செய்தி.

"அப்ப நான் மூட்டை கட்டறேன்" என்றேன். "பல்லு எல்லா ஊர்லயும் விழுது."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வேன் நைஸ்ல உன்னை வண்டியில ஏத்திட்டுப் போனாரே ஒருத்தர், பால் வாங்க."

"ஆமா."

"அவர் பேரு என்ன?"

"தெரியலையே."

"கேக்கலியா?"

"கேக்கல."

"அவர் வண்டியை நிறுத்தி, ஏத்தி, கடை வாசல்ல காத்திருந்து, வீட்டுல விட்டுட்டுப் போயிருக்கார். நீ பேரு கூடக் கேக்காம வந்து, எங்க ஊர்ல மனுஷங்க எங்கன்னு என்னைக் கேட்ட." கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினாள். "நம்ம ரெண்டு பேர்ல நகரத்துக்காரன் நீதான்."

வாளி மேல் உட்கார்ந்திருந்தவனுக்குத் தலையைத் தொங்கப்போட அதிக தூரம் இல்லை. "சரி, யாருதான் ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

"தெரியல. என் தெருவுல இத்தனை வருஷமா இருக்கேன். அங்க என்னை யாரும் பேர் சொல்லித் திட்டினது இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். அது எங்கள் ஊருக்குக் கிடைத்த மதிப்பெண்ணா, குறையா என்று நான் கேட்கவில்லை. மிளகாய்க் குழம்பைச் சுடவைத்தேன்.

அவள் கிளம்பும் நாளும் வந்தது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு நின்றேன். வருவாளா, மாட்டாளா, நான் போகவேண்டுமா, ஒன்றும் பேசி முடிக்கவில்லை. "மறந்துட்டேன்" என்று திரும்ப மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது கையில் என் சமையலறை நாற்காலி. என்னிடம் இருந்த ஒரே நாற்காலி.

காரைக் குழியிலிருந்து வெளியே எடுத்தாள். இறங்கி, காலியான இடத்தின் நடுவில் அந்த நாற்காலியை வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"என்ன பண்ற நீ?"

"என் இடம். நான் தோண்டுனது."

"உனக்கு இங்க கார் கிடையாதே. இந்த வாடகைக் காரைத் திருப்பிக் குடுத்துட்டு விமானம் ஏறப்போற."

"சட்டத்துல கார் எப்ப வரணும்னு இருக்கா?"

யோசித்தேன். இல்லை. "நான் எங்க உக்காந்து சாப்பிடறது?"

"நின்னுக்கிட்டுச் சாப்பிடு. பழக்கம்தானே" என்று சொல்லி, என் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தொலைபேசியில் அவள் முதல் கேள்வி, "நாற்காலி இருக்கா?" இருக்கிறது என்பேன். பிறகு கடையில் யாருக்கு என்ன கண்ணாடி, இங்கே யாருக்கு என்ன பல் என்று பேச்சு போகும். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அது வேடிக்கைக்கு வைத்த நாற்காலி என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காதவரை அது அவள் இடம்.

பிப்ரவரி நடுவில் வெயில் வந்து சனி பிடித்தது. மற்றவர்கள் பனிக்காகக் காத்திருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பனி உருகக் கூடாதென்று ஜன்னலில் நின்று வேண்டிக்கொண்டவன் சிகாகோவில் நான் ஒருவன்தான். உருகியது. தெரு கறுப்பாகக் காய்ந்தது. சட்டப்படி பனி போனால் நாற்காலியும் போக வேண்டும். இஸ்திரி மேசை உள்ளே போனது. தலையில்லாத பொம்மை உள்ளே போனது. காய்ந்த தார்ச்சாலையில் என் நாற்காலி மட்டும், பள்ளிக்கூடம் முடிந்தும் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை போல நின்றது. இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்த இடமில்லாமல் சுற்றின. யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்ததைப் பார்த்தேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நகராட்சி வண்டி வந்தது. வருஷா வருஷம் பனி போனதும் தெருவில் மிச்சமிருக்கும் பொருளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற வண்டி. நான் ஜன்னலில் பார்த்தேன். காலுறையோடு படியில் இறங்கி ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் நாற்காலியில் ஆள் இருந்தது. போக்டன் உட்கார்ந்திருந்தார். நடுத்தெரு வெயிலில், கையில் காப்பிக் கோப்பையோடு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

"சார், எந்திரிங்க, நாற்காலியை எடுக்கணும்" என்றான் வண்டிக்காரன்.

"ஏன்?"

"பனி எங்க சார் இருக்கு?"

போக்டன் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "வரும்" என்றார்.

"எப்ப?"

"இது சிகாகோ. எப்ப வேணா வரும்."

வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். அழுக்கேறிய காலுறையைப் பார்த்தான். "இது யாரோட இடம்?" என்று கேட்டான்.

"டெலியாவோடது" என்றது எதிர்வீட்டு ஜன்னல்.

வண்டிக்காரனும் எங்கள் ஊர்க்காரன்தானே! தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்று மாலை அவள் கூப்பிட்டு வழக்கம்போல, "நாற்காலி இருக்கா?" என்றபோது, நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "அந்தப் பச்சை சோபாவை இன்னிக்கு நடைபாதையில வச்சேன்" என்றாள். "ஒரு மணி நேரத்துல போயிடுச்சு. யாரு எடுத்தாங்கன்னு தெரியல. நல்லா இருக்கட்டும்."

ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை நான் பல் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"நாற்காலி இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துச் சொல்லு. நான் ஜோலியட் தாண்டிட்டேன்."

ஜோலியட் எங்கள் ஊர் வாசற்படி. அந்தப் பல்லுக்கு உரியவர் யாரோ, அன்று ஒரு நாள் கூடுதலாகக் கஞ்சி குடித்திருப்பார். பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் டாக்ஸி பிடித்தேன். "பின் சீட்டுல என்ன இருக்கு சொல்லு" என்று போனில் கேட்டுவிட்டு, பதிலையும் அவளே சொன்னாள். "ரெண்டு நாற்காலி. தெருவுல எடுத்தது. எங்க தெருவுலதான், பயப்படாதே. ஒண்ணு ஆடுது. அதை முடுக்கல, போக்டனுக்கு."

"அங்க அந்த டோனட் கடைக்காரம்மா?"

"அழுதாங்க. ஒரு பெட்டி குடுத்திருக்காங்க, எள்ளு போட்டது. வழியிலயே பாதி காலி." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்க பேரு சோத்தி. இத்தனை வருஷம் கழிச்சு, கிளம்புற அன்னிக்குத்தான் கேட்டேன்."

தெருவில் இறங்கியபோது காற்றில் ஈரம் இருந்தது. நிஜமாகவே இரண்டு மூன்று பனித்துகள், வழி தவறியவை போல, மிதந்து வந்தன. போக்டன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த மார்ச் சனிக்கிழமைக்கு அப்புறம் அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது.

"எந்திரிங்க, அவ வந்துட்டிருக்கா" என்றேன். மூச்சு வாங்கியது.

"கார் கண்ணுல பட்டதும் எந்திரிக்கறேன்" என்றார். "சும்மா வாய் வார்த்தையை நம்பி இடத்தை விட முடியுமா? இது நகரம்யா."